முதல் ஐந்து கிலோமீட்டரை யார் எழுதுவது?

1

1960 செப்டம்பர் 6, ரோம். ஒலிம்பிக் 400 மீட்டர் இறுதிப் போட்டியில் மில்கா சிங் நான்காவதாக வந்தார். கையால் எடுத்த கணக்கில் 45.6 நொடி. மூன்றாவதாக வந்த தென்னாப்பிரிக்காவின் மால்கம் ஸ்பென்ஸுக்கு 45.5. ஏன் தோற்றார் என்பதற்கு மில்காவே பிற்காலத்தில் பலமுறை பதில் சொல்லியிருக்கிறார். கிட்டத்தட்ட 250 மீட்டர்வரை நன்றாக ஓடிக்கொண்டிருந்தவருக்கு, ரொம்ப வேகமாகப் போகிறோமோ, கடைசிவரை தாங்குமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. கொஞ்சம் குறைத்தார். குறைத்ததைத் திரும்ப எடுக்க முடியவில்லை. அவ்வளவுதான். ஒரு கணக்குத் தப்பு. ஓட்டக்காரர்கள் பேஸிங் என்று சொல்வார்களே, அந்தத் தப்பு.

2013 ஜூலையில் ராகேஷ் ஓம்பிரகாஷ் மெஹ்ராவின் 'பாக் மில்கா பாக்' வந்தது. படம் இதே ரோம் ஓட்டத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் படத்தில் மில்கா வேகத்தைக் கணக்குப் போடுவதில்லை. பயிற்சியாளரின் கத்தல் காதில் விழுகிறது. அது பிரிவினைக் கலவரத்தில் செத்துப்போன அப்பாவின் கடைசிக் குரலாக மாறுகிறது. மில்கா திரும்பிப் பார்க்கிறார், பதக்கம் போகிறது. அடுத்த மூன்று மணி நேரமும் அந்தத் திரும்பிப் பார்த்தலுக்கான விளக்கம்தான். கடைசியில் லாகூரில் ஓடி ஜெயித்து, காயத்தை ஆற்றிக்கொள்கிறார்.

பிரிவினை மில்கா சிங்கின் வாழ்க்கையில் நடந்தது உண்மை. குடும்பத்தைப் பறிகொடுத்ததும் உண்மை. அதைப் படம் பேசியது சரிதான். எனக்கு உறுத்துவது வேறு. 250 மீட்டரில் எடுத்த ஒரு தப்பான முடிவை, அப்படியே, தப்பான முடிவாகவே ஒரு படத்தால் ஏன் வைத்துக்கொள்ள முடியவில்லை? கணக்குத் தப்பு காயமாக மாறினால்தான் அது கதை ஆகுமா?

நாம் படிக்கிற, பார்க்கிற ஓட்டக் கதைகள் எல்லாவற்றையும் இந்தக் கேள்வியோடு திரும்பப் பார்க்கலாம். இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் அரை மாரத்தான். அதாவது 21.0975 கிலோமீட்டர். இடம், சென்னைக்கு வடக்கே திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம். ஏன் அந்த இடம் என்பது போகப் போகத் தெரியும்.

2

முதலில் அந்தத் தப்பு என்ன என்று பார்த்துவிடலாம்.

இரண்டு மணி நேரத்துக்குள் அரை மாரத்தான் முடிப்பது பொழுதுபோக்காக ஓடுபவர்களின் பெரிய கனவு. அதற்குக் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 நொடி போதும். அப்படியே கடைசிவரை ஓடினால் 1 மணி 59 நிமிடம் 54 நொடியில் முடிந்துவிடும். இப்போது ஒருவர் முதல் 5 கிலோமீட்டரை 5:10-இல் ஓடுகிறார் என்று வையுங்கள். கூட்டம், பாட்டு, விடிகாலைக் காற்று, பல நாள் ஓய்வெடுத்த கால். 5:10 அவருக்குச் சுலபமாகவே இருக்கும். 2 நிமிடம் 35 நொடி மிச்சம். அடுத்த 10 கிலோமீட்டர் சரியாக 5:41. பிறகு 15-ஆவது கிலோமீட்டரில் கால் கனக்கத் தொடங்குகிறது. மீதி 6 கிலோமீட்டரும் 6:40-ஆக இழுக்கிறது. அங்கே போவது 6 நிமிடம். முடிவு 2 மணி 3 நிமிடம் 19 நொடி. இரண்டரை நிமிடம் சேமித்து ஆறு நிமிடம் வட்டி கட்டியிருக்கிறார். கந்துவட்டிக் கணக்கு.

உடம்புக்குள் நடப்பதும் கணக்குதான். வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால், தசையில் சேர்த்துவைத்திருக்கும் சர்க்கரைச் சத்து மளமளவென்று கரைகிறது. வெப்பம் கூடக்கூட ரத்தத்தில் ஒரு பங்கு தோலைக் குளிர்விக்கப் போய்விடுகிறது. காலுக்குக் கிடைப்பது குறைகிறது. அதே வேகத்தில் ஓடினாலும் இதயம் முன்னைவிட வேகமாக அடிக்கிறது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். பழவேற்காடு ஏரியும் கடலும் பக்கத்திலேயே இருக்கிற கும்மிடிப்பூண்டி மாதிரி ஊரில், காலை ஐந்தரைக்கே காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். வியர்வை சொட்டும், ஆவியாகாது. ஊட்டியில் ஒரு கைக்கடிகாரம் காட்டும் 5:41-உம் இங்கே அது காட்டும் 5:41-உம் ஒன்றில்லை.

ஓடி முடித்த பையன்களின் பேச்சைக் கேட்டால் இந்தத் தப்பின் வடிவம் புரியும். "மொத அஞ்சு கிலோமீட்டர் பறந்துட்டேண்ணா, அப்பால காலே வரல" என்பார்கள். இன்னொருவன், "தண்ணி சரியா குடிக்கலடா நீ" என்பான். மூன்றாமவன், "மனசுல வெறி பத்தல மச்சி" என்பான். முதல் ஆள் சரியான விடையைச் சொல்லிவிட்டான். மற்ற இருவரும் அதை அழித்து எழுதுகிறார்கள். அந்த மூன்றாமவன் குரல் எங்கிருந்து வருகிறது? சினிமாவிலிருந்தும், தன்னம்பிக்கைப் பேச்சிலிருந்தும், நம்முடைய கதைகளிலிருந்தும் வருகிறது.

இந்தத் தப்பு நடக்கும் இடம் ஒன்று, தெரியும் இடம் வேறு. 2-ஆவது கிலோமீட்டரில் செய்தது 16-ஆவது கிலோமீட்டரில்தான் தெரியவரும். செய்யும்போது வலி கிடையாது. சந்தோஷமாக இருக்கும். வலி வரும்போது அதைத் திருத்த வழி இருக்காது. ஆகவே பார்க்கிறவர்களுக்கும் எழுதுகிறவர்களுக்கும் கண்ணில் படுவது 16-ஆவது கிலோமீட்டர்தான். அங்கேதான் முகம் கோணுகிறது, கண்ணீர் வருகிறது, தள்ளாட்டம் வருகிறது. கேமரா அங்கே போய் நிற்கிறது. 'மன உறுதி' என்ற சொல்லும் அங்கேதான் பிறக்கிறது. 2-ஆவது கிலோமீட்டரில் சிரித்துக்கொண்டு ஓடுகிறவனை யார் படம் எடுப்பார்கள்?

முயலும் ஆமையும் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வேகப் பங்கீடு பற்றி நமக்கெல்லாம் தெரிந்த ஒரே கதை அதுதான். அதிலும் முயல் வேகமாக ஓடியதால் களைத்துப்போய்த் தோற்பதில்லை. திமிர் பிடித்துத் தூங்கியதால் தோற்கிறது. தப்பு ஒழுக்கத்தில், காலில் இல்லை. சாலையில் நான் பார்க்கும் முயல்கள் எதுவும் தூங்குவதில்லை. 17-ஆவது கிலோமீட்டரில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஓரமாக நடந்துபோகின்றன. அவற்றைச் சோம்பேறி என்று சொல்ல மனசு வராது.

3

இந்த விருப்பம் நம் ஊர் விஷயம் மட்டும் இல்லை. மாரத்தான் என்ற பெயரே ஓடிவந்து செய்தி சொல்லிவிட்டுச் செத்துப்போன ஒருவனின் கதையிலிருந்து வந்தது. ஹெரோடோட்டஸ் அந்தப் போரைப் பற்றி விரிவாக எழுதியவர். அவரிடம் அந்த மரணம் இல்லை. பல நூற்றாண்டுகள் கழித்து வந்தவர்களிடம்தான் இருக்கிறது. ஓட்டத்துக்கு ஒரு கதை வேண்டும் என்று வந்தபோது, வந்துசேர்ந்து பிழைத்தவனைவிட வந்து விழுந்தவனைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

1908 லண்டன் ஒலிம்பிக் இன்னும் தெளிவான உதாரணம். ஜூலை 24, வெயில். முதல் மைல்களைப் பிரிட்டிஷ் வீரர்கள் தாறுமாறான வேகத்தில் ஓடி, பிறகு ஒவ்வொருவராகக் கழன்றார்கள். தென்னாப்பிரிக்காவின் சார்லஸ் ஹெஃபெரான் முன்னிலைக்கு வந்தார். அவர் தளர்வது தெரிந்ததும் இத்தாலியின் டொராண்டோ பியெட்ரி வேகத்தைக் கூட்டித் துரத்தினார், தாண்டினார். அதோடு அவரிடம் இருந்தது தீர்ந்தது. மைதானத்துக்குள் வந்தவர் திசை மாறித் திரும்பினார். திரும்பத் திரும்ப விழுந்தார். அதிகாரிகள் தூக்கிவிட்டார்கள். கோட்டைத் தாண்டவைத்தார்கள். அந்த உதவிக்காகவே தகுதிநீக்கம் செய்யப்பட்டார். தங்கம் அமெரிக்காவின் ஜானி ஹேய்ஸுக்குப் போனது.

அந்தக் காட்சியை நேரில் பார்த்து 'டெய்லி மெயில்' பத்திரிகைக்கு எழுதியவர்களில் ஒருவர், ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில். அரசி அலெக்ஸாண்டிரா மறுநாள் டொராண்டோவுக்குத் தனியாக ஒரு கோப்பை கொடுத்தார். இர்விங் பெர்லின் அவர் பெயரில் பாட்டே எழுதினார். ஹேய்ஸ் பற்றி என்ன இருக்கிறது? தொடக்கத்தில் அவர் பின்னால் இருந்தார். முன்னால் போனவர்கள் தளரத் தளர ஒவ்வொருவராகத் தாண்டினார். 2 மணி 55 நிமிடம் 18 நொடியில் வந்தார். அன்றைக்கு மைதானத்தில் சரியான கணக்குப் போட்ட மனிதர் அவர். அவருக்குப் பாட்டு இல்லை.

துப்பறியும் கதையின் ஆசானே இங்கே துப்பறியவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்ன வேடிக்கை உண்டு. ஹோம்ஸாக இருந்தால் விழுந்துகிடக்கும் உடலைப் பார்த்துவிட்டு, சம்பவம் இங்கே நடக்கவில்லை, சில மைல்களுக்கு முன்னால் நடந்தது என்று சொல்லியிருப்பார்.

இந்தக் கதையில் எல்லோரும் விட்டுவிடும் ஒரு பகுதியும் உண்டு. அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், கூரைக்கு அடியில், அதே தூரத்தை டொராண்டோவும் ஹேய்ஸும் திரும்ப ஓடினார்கள். டொராண்டோ ஜெயித்தார். அடுத்த ஆண்டு மறுபடி ஓடியபோதும் அவரே ஜெயித்தார். அவர் விழுந்த ஒரு நாளை உலகம் வைத்துக்கொண்டது. எழுந்து நின்று சரியாக ஓடிய இரண்டு நாளைத் தொலைத்துவிட்டது.

பேஸிங் தப்பிலிருந்து ஒருவர் கற்றுக்கொண்டாரா இல்லையா என்பது இரண்டாவது ஓட்டத்தில்தான் தெரியும். ஒரே ஒரு உச்சக்காட்சி வைத்த கதையில் இரண்டாவது ஓட்டத்துக்கு இடமே கிடையாது. அந்த ஒற்றை ஓட்டத்தில் நாயகன் ஜெயிக்க வேண்டும், அல்லது அழகாக விழ வேண்டும். கற்றுக்கொள்வது அவனுக்கு விதிக்கப்படவில்லை.

4

மில்கா படம் வந்த அதே 2013-இல், மே 1 அன்று, தமிழில் 'எதிர்நீச்சல்' வந்தது. துரை செந்தில்குமார் இயக்கம், தனுஷ் தயாரிப்பு, சிவகார்த்திகேயன் நாயகன். சும்மா சொல்லக் கூடாது, ஜாலியான படம். குஞ்சிதபாதம் என்ற பெயரால் அவமானப்படும் ஒருவன் பெயரை மாற்றிக்கொள்கிறான். பெயர் மட்டும் போதாது, அந்தப் பெயருக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்று மாரத்தான் ஓட வருகிறான். அவனுக்குப் பயிற்சி தருபவள் வள்ளி. பாலினச் சோதனையின் பெயரில் பதக்கத்தையும் மரியாதையையும் இழந்தவள். அந்தப் பாத்திரத்தைப் பார்த்த பலருக்கும் நம் புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜன் நினைவுக்கு வந்தார். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கி, அதைப் பறிகொடுத்தவர்.

இந்தப் படத்தில் நல்ல வாய்ப்பு ஒன்று இருந்தது. வள்ளி ஓடத் தெரிந்தவள். 800 மீட்டரோ மாரத்தானோ, வேகத்தைப் பங்கிடத் தெரியாமல் அந்த மட்டத்துக்கு யாரும் வர முடியாது. அவள் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது முதலில் அதைத்தான்: "இப்ப வேணாம், பொறு." ஒரு பெண் ஒரு பொறுமையில்லாத பையனுக்குப் பொறுக்கச் சொல்லித்தருவது. எவ்வளவு நல்ல காட்சிகள் அதிலிருந்து வந்திருக்கும்! படம் அதைத் தொட்டுவிட்டுப் பாட்டுக்குப் போய்விடுகிறது. பயிற்சி என்பது வியர்வை வழியும் காட்சிகளின் தொகுப்பாகிறது. கடைசி ஓட்டம், வழக்கம்போல, யார் மனசில் அதிகம் நெருப்பு இருக்கிறது என்ற போட்டியாகிறது. வள்ளிக்கு நடந்த அநியாயத்துக்கு அந்த வெற்றி பரிகாரம். வள்ளியிடம் இருந்த அறிவுக்கு அந்தப் படத்தில் மதிப்பு இல்லை. அவளுடைய கண்ணீரை எடுத்துக்கொண்டார்கள். கணக்கை விட்டுவிட்டார்கள்.

நம் விளையாட்டுச் செய்திகளும் இதையேதான் செய்கின்றன. 2020 நவம்பர் 29 அன்று டெல்லி அரை மாரத்தானில் அவினாஷ் சாப்ளே 1 மணி 30 நொடியில் ஓடி முடித்தார். 61 நிமிடத்துக்குள் ஓடிய முதல் இந்தியர். கிலோமீட்டருக்குச் சராசரி 2 நிமிடம் 52 நொடி. அவரைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் பீட் மாவட்டத்து ஏழைக் குடும்பம் இருக்கும், பள்ளிக்கு நடந்த தூரம் இருக்கும், ராணுவம் இருக்கும், சியாச்சினின் பனி இருக்கும். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் 5 கிலோமீட்டரை எப்போது தாண்டினார், 10-ஐ எப்போது தாண்டினார், எங்கே பொறுத்தார், எங்கே துணிந்தார் என்பதை நம் பத்திரிகைகளில் தேடிப் பாருங்கள். கஷ்டப்பட்டு வந்தவர் என்று சொல்வதில் நமக்கு இருக்கும் ஆர்வம், புத்திசாலித்தனமாக ஓடினார் என்று சொல்வதில் இல்லை. ஏழை வீரனுக்கு நாம் கொடுக்கும் ஒரே குணம் வலி தாங்குவது. யோசிப்பவன் என்ற மரியாதையைக் கொடுக்க நமக்குக் கை வரவில்லை.

5

முரகாமிதான் இந்த விஷயத்துக்கு மிக நெருக்கமாக வந்தவர். ஓட்டத்தைப் பற்றிய அவருடைய நினைவுக்குறிப்பு 2007-இல் ஜப்பானிய மொழியில் வந்தது, அடுத்த ஆண்டு ஆங்கிலத்தில். இணையத்தில் இலக்கியம் வாசிக்கும் தலைமுறையில் ஓடுகிறவர்கள் பாதிப் பேர் அந்தப் புத்தகத்தால் ஓடவந்தவர்கள் என்றே நினைக்கிறேன். அதில் உச்சக்காட்சி கிடையாது. வயது ஏறுகிறது, நேரம் குறைய மறுக்கிறது, ஏன் என்று தெரியாமல் ஒரு மனிதன் யோசிக்கிறான். 1983 ஜூலையில் ஏதென்ஸிலிருந்து மாரத்தான் ஊருக்குத் தனியாக ஓடியதை எழுதும் பகுதியில் வெயில் ஒரு பாத்திரமாகவே வருகிறது. கடைசியில் எதைப் பார்த்தாலும் எரிச்சல். ஓடும்போது கற்பனையில் தித்தித்த குளிர்ந்த பீர், கையில் கிடைத்தபோது அந்த அளவுக்கு இல்லை. இந்த நேர்மை ஓட்டத்தைப் பற்றிய எழுத்தில் அபூர்வம்.

வேகப் பங்கீட்டை அவர் எழுத்து மேசைக்குக் கொண்டுபோகிறார். நாவல் எழுதும்போது, இன்னும் எழுத முடியும் என்று தோன்றும் இடத்திலேயே அன்றைக்கு நிறுத்திவிடுவாராம். மறுநாள் தொடர அது உதவும். அரை மாரத்தானின் முதல் 5 கிலோமீட்டருக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது: இன்னும் வேகமாகப் போக முடியும் என்று தோன்றும்போதே போகாமல் இருப்பது.

ஆனால் அவரிடமும் எனக்கு இரண்டு மனத்தாங்கல்கள் உண்டு. முதலாவது, நடப்பதைப் பற்றி அவருக்கு இருக்கும் வெட்கம். போட்டியில் நடக்காதவன் என்பதைத் தன் கல்லறையிலேயே பொறிக்க விரும்பும் அளவுக்கு அதில் பெருமை. 1996-இல் சரோமா ஏரியைச் சுற்றி 100 கிலோமீட்டர் ஓடியபோதும் அந்த வைராக்கியம்தான். 55-ஆவது கிலோமீட்டருக்கு மேல் உடம்பு முழுக்க முரண்டு பிடித்தும் நடக்கவில்லை. அவருடைய உடம்பு, அவருடைய விருப்பம், சரி. ஆனால் 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் கேலோவே, ஓடி நடந்து ஓடும் முறையைப் பல்லாண்டுகளாகப் பரப்பியவர். களைத்த பிறகு நடப்பது தோல்வி, களைப்பதற்கு முன்பே திட்டமிட்டு நடப்பது பேஸிங். முரகாமியைப் படித்துவிட்டு ஓடவரும் பையனுக்கு இந்த இரண்டாவது நடை கண்ணுக்கே தெரியாது. மேமாத வெயிலில் அந்த வெட்கம் ஆபத்தாகவும் முடியலாம்.

இரண்டாவது மனத்தாங்கல் கொஞ்சம் பெரியது. முரகாமி ஜாஸ் மதுக்கடையை விற்றுவிட்டு முழுநேர எழுத்தாளர் ஆனவர். எப்போது எழுந்திருப்பது, எப்போது தூங்குவது, எப்போது ஓடுவது எல்லாம் அவர் கையில். தன் நாளின் வேகத்தைத் தானே தீர்மானிக்கும் மனிதர் எழுதிய புத்தகம் அது. அந்த வசதி இல்லாதவர்களுக்கு அந்தப் புத்தகத்தின் அறிவுரை எப்படிக் கேட்கும்? இங்கேதான் கும்மிடிப்பூண்டி வேண்டியிருக்கிறது.

6

சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயிலில் பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டினால் கும்மிடிப்பூண்டி. ஒரு பக்கம் கல்கத்தா போகும் ஜி.என்.டி. சாலை, இன்னொரு பக்கம் சிப்காட். இரும்பு உருக்கும் உலைகளும் கம்பி உருட்டும் மில்களும் நிறைந்த பகுதி. மாவட்டத்தின் மறுபக்கத்தில், திருவள்ளூரை ஒட்டி, காக்களூர் தொழிற்பேட்டை. ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் நைட். மேலே ஓ.டி. இந்த உடம்புக்கு வேகத்தைச் சொல்வது சங்கும் லைனும் டார்கெட்டும். உலைக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம் நின்றவனுக்கு, காலையில் பல நாள் ஓய்வெடுத்த கால் கிடைக்குமா? அவன் தொடங்கும்போதே 8-ஆவது கிலோமீட்டரில்தான் இருக்கிறான். 5:41 என்ற எண் அவனுக்கு ஒரு பொருள், ஏ.சி. அறையில் உட்கார்ந்து வேலை செய்து, எட்டு மணி நேரம் தூங்கி வந்தவனுக்கு வேறு பொருள்.

இதை எழுத்தில் கண்டவர் ஆலன் சில்லிட்டோ. நாட்டிங்ஹாமில் ராலே சைக்கிள் தொழிற்சாலையில் வேலை பார்த்த பையன், பிறகு எழுத்தாளர் ஆனவர். 1959-இல் வந்த அவருடைய 'நெடுந்தூர ஓட்டக்காரனின் தனிமை' கதையை டோனி ரிச்சர்ட்ஸன் 1962-இல் படமாக எடுத்தார். திருட்டுக்காகச் சீர்திருத்தப் பள்ளிக்கு வந்த ஸ்மித்துக்கு நன்றாக ஓடத் தெரியும். நிர்வாகிக்குக் கோப்பை வேண்டும். ஸ்மித்துக்கு விடிகாலையில் தனியாக ஓடும் அந்த நேரம் மட்டும்தான் சொந்தம், அங்கேதான் அவனால் யோசிக்க முடிகிறது. போட்டி நாளில் எல்லோரையும் முந்திக்கொண்டு வந்து, கோட்டுக்கு முன்னால் நின்றுவிடுகிறான். இன்னொருவன் தாண்டிப்போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பேஸிங்கைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இதுதான் மிகத் துணிச்சலான கதை என்பேன். அதுவரை நாம் பார்த்த ஓட்டக்காரர்கள் எல்லோரும் எப்படி வேகத்தைப் பங்கிடுவது என்று திண்டாடினார்கள். இந்தப் பையன், வேகம் யாருடையது என்று கேட்கிறான். அவன் வேகத்தைக் குறைத்தது தப்பும் இல்லை, காயமும் இல்லை. முழு நினைவோடு போட்ட கணக்கு. அதற்குத் தண்டனையும் வாங்கிக்கொள்கிறான்.

தொழிற்சாலைக்கும் ஸ்டாப்வாட்ச்சுக்கும் பழைய உறவு. ஃபிரெடரிக் டெய்லர் 1911-இல் வெளியிட்ட மேலாண்மைப் புத்தகத்தில், பெத்லஹேம் இரும்பாலையில் இரும்புப் பாளம் சுமந்த ஒரு தொழிலாளியின் கதையைச் சொல்கிறார். நாளைக்கு பன்னிரண்டரை டன் சுமந்தவன், நாற்பத்தேழரை டன் சுமக்க ஆரம்பித்தான். எப்படி? எப்போது தூக்குவது, எப்போது உட்கார்ந்து ஓய்வெடுப்பது என்று ஒரு மேற்பார்வையாளர் சொல்லிக்கொண்டே இருந்தார். இதுவும் பேஸிங்தான். களைப்பதற்கு முன்பே ஓய்வு. கேலோவே சொல்லும் அதே தத்துவம். ஒரே வித்தியாசம், கடிகாரம் இன்னொருவர் கையில்.

இதை வரலாறு என்று ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் ஒன்று நிறைவேறியது. 12 மணி நேர வேலை நாளுக்கு வழி செய்யும் திருத்தம். வாரத்துக்கு 48 மணி நேரம் மாறாது, நான்கு நாளில் முடித்துவிட்டு மூன்று நாள் ஓய்வெடுக்கலாமே என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. மூன்று நாளில் நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது. 1923-இல் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடி அன்றைக்குச் சரியாக 100 ஆண்டு.

மொத்தம் ஒன்றுதானே என்ற அந்த வாதத்தை ஓட்டக்காரர் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார். 5:10-இல் ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டுப் பிறகு மெதுவாகப் போனால் சராசரி ஒன்றுதானே என்பது போன்ற கணக்கு அது. உடம்பு சராசரியில் வாழ்வதில்லை. ஒன்பதாவது மணி நேரமும் பன்னிரண்டாவது மணி நேரமும் ஒரே மணி நேரம் இல்லை, 3-ஆவது கிலோமீட்டரும் 18-ஆவது கிலோமீட்டரும் ஒரே கிலோமீட்டர் இல்லை என்பதைப்போல.

இதைப் பார்த்தபின் 'வெறி வேண்டும்' என்ற கதையின் அரசியலும் தெரிகிறது. தளர்ந்தவனிடம் உனக்கு மன உறுதி போதவில்லை என்று சொல்லிவிட்டால், அவனுடைய முதல் 5 கிலோமீட்டரை யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. எவ்வளவு தூங்கினான், எந்த ஷிப்டிலிருந்து வந்தான், போட்டியை எத்தனை மணிக்குத் தொடங்கினார்கள், தண்ணீர் எங்கே வைத்தார்கள், எதுவும் கேட்க வேண்டியதில்லை. இதற்கு மறுபக்கம் எலியுட் கிப்சோகே. 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் அவர் 1:59:40-இல் மாரத்தான் தூரத்தைக் கடந்தபோது, அவருக்கு முன்னும் பின்னும் முறைவைத்து ஓடிய வேகக்காரர்கள் 41 பேர். சாலையில் ஒளிக்கோடு போட்டுக்கொண்டு ஒரு வண்டி. ஆங்கிலத்தில் இந்த வேகக்காரர்களை முயல் என்றே சொல்வார்கள். உலகத்தின் தலைசிறந்த ஓட்டக்காரருக்கே மன உறுதி மட்டும் போதாது என்று தெரிந்து, இவ்வளவு ஏற்பாடு. இரும்பு மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வருபவனுக்கு மட்டும் வெறி போதுமாம்.

7

கலைக்கு நாடகம் வேண்டாமா, கிலோமீட்டர் கணக்கை எழுதினால் யார் படிப்பார்கள் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் பாருங்கள். இரண்டரை நிமிடம் லாபம் என்று ஒருவன் சிரித்துக்கொண்டு ஓடுகிறான். ஆறு நிமிட நஷ்டம் அவனுக்காக 15-ஆவது கிலோமீட்டரில் காத்திருக்கிறது. படிப்பவருக்கு அது தெரியும், அவனுக்குத் தெரியாது. இதற்கு மேல் என்ன நாடகம் வேண்டும்? பழைய துன்பியல் நாடகங்கள் இந்த இடைவெளியை வைத்துத்தான் நம்மை உட்காரவைத்தன.

மில்காவிடம் அந்த நாடகம் இருந்தது. அளவுக்கு மீறிய வேகம் என்று பயந்து குறைத்தார். அரை மாரத்தான்காரன் செய்வதற்கு நேர் எதிரான தப்பு. இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன: தன் உடம்பு சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று தெரியாத இடம். 45 நொடியில் முடியும் ஓட்டத்தின் நடுவில் ஒரு மனிதனுக்கு வந்த அந்தச் சந்தேகத்துக்குள் கேமரா போயிருந்தால், இந்தியாவில் இதுவரை வராத ஒரு விளையாட்டுப் படம் கிடைத்திருக்கும். பிரிவினையும் அதற்குள் வந்திருக்கலாம். எல்லாவற்றையும் இழந்த ஒருவன் தன் உடம்பை நம்பத் தயங்குவது இயல்புதானே? ஆனால் அது தயக்கமாக வந்திருக்க வேண்டும், அசரீரியாக இல்லாமல்.

தமிழில் இந்தக் கதையை எழுத இரண்டு ஓட்டம் தேவைப்படும். முதலாவதில் அவன் பறக்கிறான், நடக்கிறான், வந்துசேர்கிறான். மூன்று மாதம் கழித்து இரண்டாவது. அதே தூரம், அதே ஈரக் காற்று. முதல் 5 கிலோமீட்டரில் ஐம்பது பேர் அவனைத் தாண்டிப்போகிறார்கள். அவனுக்குக் கால் துறுதுறுக்கிறது. போகலாம், போக முடியும், போகவில்லை. அந்த அரை மணி நேரத்தில் ஒருவன் மனசுக்குள் நடப்பதை, தாண்டிப்போகும் ஐம்பது முதுகுகளைப் பார்த்துக்கொண்டு ஓடுவதன் அவமானத்தை, முந்தைய நாள் ஓ.டி.க்கு வரச் சொன்ன சூப்பர்வைசரிடம் முடியாது என்று சொன்னதன் பயத்தை எழுத வேண்டும். 16-ஆவது கிலோமீட்டரில் எழுத அதிகம் இருக்காது. அவன் ஓடிக்கொண்டிருப்பான்.

அடுத்த ஓட்டப் படமோ நாவலோ வரும்போது ஒன்று செய்யலாம். கடைசிக் காட்சியைப் பற்றி எல்லோரும் பேசட்டும். நாம் முதல் ஐந்து கிலோமீட்டருக்கு அது எத்தனை நிமிடம், எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்போம்.